சி சாவ்: தமிழில் ‘ஒட்டுகை’

விங் சுன் குங்ஃபூவில் இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை ஒன்றோடொன்று தொட்டபடி உருட்டிக்கொண்டே இருப்பார்கள். தொடர்பு அறுபடக் கூடாது. எதிராளியின் விசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்ணால் அல்ல, தோலால் அறிய வேண்டும். இந்தப் பயிற்சியின் பெயர்தான் சி சாவ்.

இது ஹாங்காங்கிலும் தென்சீனாவிலும் பேசப்படும் கான்டனீஸ் மொழிச் சொல். ‘சாவ்’ என்றால் கை. ‘சி’ என்றால் ஒட்டுதல். அதை எழுதும் சீன எழுத்து, பறவை பிடிக்கக் கிளைகளில் தடவும் பிசினையும் குறிக்கும். சிலர் இதை உயிராற்றலைக் குறிக்கும் ‘சி’ என்று எண்ணிக்கொண்டு, ‘ஆற்றல் கை’ என்று விளக்குகிறார்கள். அது தவறு. அந்தச் ‘சி’ சீனாவின் பொதுமொழியான மாண்டரினின் உச்சரிப்பு. கான்டனீஸில் அதை ‘ஹெய்’ என்பார்கள். விங் சுன் ஆசான் இப் மான் ஹாங்காங்கில் கற்பித்தது கான்டனீஸில்; புரூஸ் லீ அவரிடம் 1950களில் பயின்றதும் அங்கேதான்.

ஒட்டுதல் என்றதும் இறுகப் பற்றுவது என்று கொள்ளக் கூடாது. பற்றினால் நம் கையும் சேர்ந்து சிறைப்படும். இங்கே கை எதிராளியின் கைமேல் படிந்து, அவர் உடலின் நடுக்கோட்டை நோக்கி மெல்லிய அழுத்தம் தந்துகொண்டே இருக்கும். ஒற்றைக்கைப் பயிற்சியில் ஒருவர் உள்ளங்கை மேல்நோக்கிய ‘டான் சாவ்’ நிலையில் நிற்க, மற்றவர் ‘ஃபுக் சாவ்’ என்று அதன்மேல் கையைப் படியவைப்பார். முதலாமவர் உள்ளங்கையால் தாக்கினால் இரண்டாமவர் அதைக் கீழே அழுத்தித் தடுத்துவிட்டுக் குத்துவார். அந்தக் குத்தைத் தடுக்க முதலாமவரின் முழங்கை உயர்ந்து ‘போங் சாவ்’ ஆகும். அதாவது சிறகுக்கை. விங் சுன்காரர்கள் சொல்லும் வாய்பாடு ஒன்று இதன் பொருளைச் சுருக்கிவிடுகிறது: வருவதை ஏற்று நிறுத்து, போவதைத் தொடர்ந்து அனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒட்டும் கைகள்’ விளக்கமாக இருக்கிறதே தவிர, பெயராக நிற்கவில்லை. ‘பிடிகை’ பொருளையே கெடுக்கும். ‘ஒட்டுக்கை’ என்று வல்லினம் மிகுத்து எழுதினால், வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைத்த கை போலத் தோன்றுகிறது. என் தேர்வு ‘ஒட்டுகை’. ஊறுகாயைப் போல வினைத்தொகையாகக் கொண்டால் ஒட்டுகிற கை. வருகை, செய்கை போலத் தொழிற்பெயராகக் கொண்டால் ஒட்டும் செயல். கையையும் பயிற்சியையும் ஒரே சொல் தாங்கிவிடுகிறது. இப்படி ஒரு வாய்ப்பு கலைச்சொல் ஆக்குபவருக்கு அடிக்கடி கிடைக்காது.

தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையில் உள்ள ‘துய் ஷோவ்’ இதற்கு உறவுதான் என்றாலும் வேறு பயிற்சி. அங்கே எதிராளியை நிலைகுலைப்பதே நோக்கம். குத்து பெரும்பாலும் இல்லை. ‘துய்’ என்றால் தள்ளுதல். அதற்குத் ‘தள்ளுகை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்.