பீடி தொடாதவர்களுக்கும் நுரையீரல் நோய் வருவது ஏன்?

மூச்சிரைப்போடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்பதைத்தான். வடசென்னையில் நுரையீரல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, ‘இல்லை’ என்று பதில் சொல்லும் பெண்களிடமே மேலும் பல கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு எந்தப் பகுதியில், என்ன வேலை, எதில் சமைக்கிறீர்கள், சிறுவயதில் வீட்டில் விறகடுப்பு இருந்ததா என்பவை அவை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகையிலையால் மட்டுமே வரும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், இவர்களுடைய இளைப்பு சளி என்றும் வயது என்றும் இரத்தசோகை என்றும் பல ஆண்டுகள் தள்ளிப்போகிறது.

இந்த நகரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே காரணத்தில் பாதி விளங்கும். வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் குப்பைமேடு ஆகிய அனைத்தும் வடக்கிலேயே இருக்கின்றன. குறைந்த வாடகையில் வீடு தேடுபவர்களும் அங்கேதான் குடியேறுகிறார்கள். 2023 டிசம்பர் 26 அன்று இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டபோது நாடே பேசியது. அன்றாடம் சிறிது சிறிதாக உள்ளே போகும் நுண்துகளைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை.

2.5 மைக்ரானுக்கும் குறைவான இத்துகள்கள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை சென்று, அவற்றில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலப்பதால், மாரடைப்பும் பக்கவாதமும்கூட இந்தக் கணக்கில் சேர்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. இந்தியாவின் வரம்போ 40. ஆகவே ‘வரம்புக்குள் உள்ளது’ என்ற அறிக்கையை ‘பாதுகாப்பானது’ என்று ஒரு மருத்துவரால் படிக்க முடியாது. அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடும் காற்றில் நுண்துகளாக மாறக்கூடியதே. அதற்கு 2015இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டின் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025இல் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அதற்கான கருவியைப் பொருத்துவதிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது.

காற்று மோசமான நாள்களில் ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள் என்ற அறிவுரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே அறையில் சமைத்து உறங்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு மட்டும் விறகு எரிக்கும் வீடுகள் பல; அந்த அடுப்பை வெளியே நகர்த்துவதும், கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டுவதும், தூசி பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் செலவு குறைந்த, பலனுள்ள மாற்றங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும் என்றாலும், சென்னை வெயிலில் மூட்டை தூக்குபவர் அதை நாள் முழுவதும் அணிவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சிகிச்சையில் நான் அதிகம் போராடுவது, ‘பம்பு (இன்ஹேலர்) அடித்தால் பழகிவிடும்’ என்ற அச்சத்தோடுதான். ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, ஸ்டீராய்டு மாத்திரையோடு வேலைக்குப் போய்விடுகிறார். மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவி, காலப்போக்கில் சர்க்கரையையும் எலும்புத் தேய்மானத்தையும் கொண்டுவருகிறது. இன்ஹேலரிலோ மைக்ரோகிராம் அளவு மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. இளைப்பு குறைந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது. வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அரசின் ஏற்பாடு நம்மிடம் இருக்கும்போது, இப்பகுதிகளின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை கிடைக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காற்றின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல், காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.