கசப்பிலையை அரைத்துக் குடிக்காதீர்கள், சமைத்துச் சாப்பிடுங்கள்

போன மாதம் மலேசியாவின் கிள்ளானிலிருந்து சித்தி குரல் செய்தி அனுப்பியிருந்தார். "நீ இருக்கிற ஊரு இலையாமே இது? பக்கத்து வீட்டு அக்கா ஒரு கொம்பு ஒடிச்சுக் குடுத்தாங்க. இப்ப வேலிக்கு மேல வளந்து நிக்குது. தினம் காலையில ஏழு இலையை அரைச்சு வெறும் வயித்துல குடிக்கிறேன். சுகர் நல்லா இறங்குதும்மா."

மலேசியாவில் இதைப் பிஸ்மில்லா இலை என்கிறார்கள், தென்னாப்பிரிக்க இலை என்றும் சொல்கிறார்கள். ஆனால் இதை அன்றாடக் கீரையாக வைத்துச் சாப்பிடுகிறவர்கள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காக்காரர்கள்தான், முக்கியமாக நைஜீரியாவும் கேமரூனும். ஈபோ மொழியில் ஒனுக்பு, யொருபாவில் எவூரோ, ஹவுசாவில் ஷுவாகா. தாவரவியல் பெயர் வெர்னோனியா அமிக்டலினா. நம்மூர் பூவாங்குறுந்தலும் காட்டுச்சீரகமும் இதற்கு நெருங்கிய உறவு. எனக்குத் தெரிந்து தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. ஊரே 'பிட்டர் லீஃப்' என்று சொல்வதால் நான் கசப்பிலை என்றே எழுதுகிறேன்.

நான் உணவியல் ஆலோசகர். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பதினோரு வருடங்களாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். சித்தி சொன்னதைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போடுறீங்க சித்தி?" அட்டையை எடுத்துப் படித்துச் சொன்னார்: மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு. இரண்டாவது பெயரைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அதற்குக் காரணம் சில வருடங்களுக்கு முன் இங்கே பார்த்த ஒரு நோயாளி.

கார் உதிரிபாகம் விற்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கடையில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை முழுக்க வியர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 44. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்கிறோம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து பேசினார். பிறகுதான் கதை வெளியே வந்தது. இரண்டு வாரமாகத் தினமும் ஒரு பெரிய டம்ளர் பச்சைக் கசப்பிலைச் சாறு. கசப்பில் வயிறு குமட்டியதால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். கிளிபென்கிளமைடு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் வேலை நீண்ட நேரம் நிற்பதால், தேறிய பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். சித்தியின் கிளிக்ளசைடும் அதே இனம்.

அவரை விழத்தட்டியது இலையா, பட்டினியா, மாத்திரையா? என்னைக் கேட்டால் மூன்றும் சேர்ந்து என்பேன். கசப்பிலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு என்பதை எலிகளில் பல முறை காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு எத்தனை இலை, எத்தனை நாள், எந்த மாத்திரையோடு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. ஏழு இலை என்ற கணக்கு எங்கிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்தது.

இதற்கு நேர்மாறான நோயாளிகளும் வருகிறார்கள். சாறு குடிக்கிறோமே என்று மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடும் முந்நூறைத் தாண்டிய சர்க்கரையோடும் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரையும் நான் திட்டியதில்லை. மாத்திரை வாங்கப் பணம் வேண்டும், இலை கொல்லையில் சும்மா வளர்கிறது.

சரி, இந்த இலையோடு பிறந்து வளர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்?

நான் குடியிருக்கும் வளாகத்தில் கீழ்வீட்டுப் பெண்மணி அனம்ப்ரா மாநிலத்துக்காரர். சனிக்கிழமை காலையில் பின்வாசலில் ஒரு பெரிய பேசினைப் போட்டு உட்காருவார். காம்பு கிள்ளிய இலைகளைக் குவித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சட்டைக் காலரைத் துவைப்பதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். ஒரு நிமிடத்தில் பேசினில் பச்சை நுரை பொங்கி வரும். பூந்திக்கொட்டையில் நுரை வருகிறதே, அதே சபோனின் வகைப் பொருள்தான் இதிலும். நுரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு. நாலாவது, ஐந்தாவது தண்ணீரில் நுரை அடங்கி, இலை சுருங்கி, கரும்பச்சை நிறத்தில் பஞ்சுபோல ஆகிவிடும். ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்ப்பார். முதல் தடவை நான் அருகில் இருந்தபோது எனக்கும் ஒரு துணுக்கு கொடுத்தார். சுண்டைக்காய் அளவுக்குத்தான் கசந்தது. இன்னும் ஒரு தண்ணீர் அலசலாமா என்று கேட்டேன். வேண்டாம், கசப்பு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஒனுக்புவே இல்லை என்றார்.

பாகற்காயில் உப்புப் போட்டுப் பிசிறி, பிழிந்து எடுத்துக் குழம்பு வைக்கும் அம்மா எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார். கசப்பை ஒழிப்பதில்லை, அளவுக்குக் கொண்டுவருகிறோம். அதே கைவேலைதான் இங்கேயும். சந்தையில் இப்படி அலசிப் பிழிந்த இலையை எலுமிச்சை அளவு உருண்டைகளாக வைத்தும் விற்கிறார்கள், காயவைத்தும் விற்கிறார்கள். பச்சைச் சாறு குடிக்கும் பழக்கம் இங்கே இல்லாமல் இல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் கொஞ்சம் குடிப்பார்கள். அது எப்போதாவது எடுக்கும் மருந்து. தினசரித் தட்டுக்கு வருவது அலசிய இலைதான்.

இந்த இலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் சொல்லும் ஒரு குரங்குக் கதை உண்டு. 1987 நவம்பர். தான்சானியாவின் மஹாலே மலைப்பகுதியில் மைக்கேல் ஹஃப்மேன் என்ற ஆய்வாளரும், டோங்க்வே இனத்து மூலிகை அறிந்தவரான மொஹமெடி செய்ஃபு கலுண்டேயும் ஒரு பெண் சிம்பன்சியைப் பின்தொடர்ந்தார்கள். சௌசிகு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றுக் கோளாறால் சோர்ந்து கிடந்த அது, கசப்பிலைச் செடியின் இளந்தண்டை ஒடித்து, பட்டையை உரித்து, இலைகளைத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்த மென்மையான தண்டுச்சோற்றை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சியது. மறுநாள் தேறிவிட்டது. விலங்குகள் தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்கின்றன என்ற ஆராய்ச்சியில் இது முக்கியமான பதிவு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, அது இலையை ஒதுக்கியது. பிறகு வேதியியல் ஆய்வில், வீரியமான நச்சுக்கசப்பான வெர்னொடாலின் இலையிலும் பட்டையிலும்தான் அதிகம் என்று தெரிந்தது. நாமோ அந்த இலையையே வெறும் வயிற்றில் பச்சையாக அரைத்துக் குடிக்கிறோம்.

வளர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முருங்கைக்கொம்பு நடத் தெரிந்த யாருக்கும் இது வரும். விதை தேடி அலைய வேண்டாம். பென்சில் பருமனில் பழுப்பேறிய முதிர்ந்த தண்டாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். லாகோஸில் ஏப்ரல் மழை தொடங்கும்போது நடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் தெரியும், இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு எடுக்கலாம். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தொட்டியில் வைப்பதென்றால் கொஞ்சம் பெரிய தொட்டியாக, அடியில் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். விட்டால் ஆளுயரத்தைத் தாண்டி மரமாகிவிடும். இடுப்புயரத்தில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் பக்கக்கிளைகள் அடர்ந்து வரும், கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தால் புது இலை வருவது குறைந்துவிடும், அப்போது ஒருமுறை நன்றாகக் கவாத்து செய்யுங்கள்.

ஆனால் எங்கே நடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். லாகோஸில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் உண்டு. அதன் புகைக்குழாய்க்கு நேர் எதிரே செழிப்பாக நிற்கும் கசப்பிலைச் செடிகளைப் பார்த்திருக்கிறேன், இலையைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும். சாக்கடை ஓரத்திலும் பெரிய சாலை ஓரத்திலும் பறித்த இலையையும் நான் வாங்குவதில்லை. செடி பச்சைப்பசேல் என்று இருப்பது மண் சுத்தமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அப்புறம் சமையல். கீழ்வீட்டில் செய்வது ஓஃபே ஒனுக்பு என்ற கெட்டிக் குழம்பு. சேப்பங்கிழங்கு வகை ஒன்றை வேகவைத்து இடித்துக் கெட்டிக்குச் சேர்ப்பார்கள். சிவப்புப் பனை எண்ணெய், இறைச்சி, நார்வேயிலிருந்து வரும் ஒக்போரோகோ என்ற காய்ந்த மீன், ஆமணக்கு விதையைப் புளிக்கவைத்துச் செய்யும் ஒகிரி என்ற விழுது எல்லாம் போகும். ஒகிரியின் வாடைக்கு நம் கருவாட்டு வாடை பரவாயில்லை. ஆனால் குழம்பில் கரைந்த பிறகு அது தரும் சுவைக்கு ஈடு இல்லை. கடைசியில்தான் அலசிய இலை சேரும். கேமரூனில் என்டோலே. அதில் வேகவைத்து அரைத்த வேர்க்கடலை, இறால், இஞ்சி, பூண்டு, நிறைய வெங்காயம். தொட்டுக்கொள்ள வாழைக்காய். முதன்முதலாகச் சமைக்கிற தமிழ் வீட்டுக்கு நான் என்டோலேயைத்தான் சொல்வேன். வேர்க்கடலையின் கொழுப்பு கசப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. என் வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டாகவும் வைப்பதுண்டு. நாலுமுறை அலசி, ஒரு கொதி வேகவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்த்தால் பிள்ளைகள்கூடச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு அலசினால் சத்து போய்விடாதா என்று ஆலோசனைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பகுதி போகத்தான் செய்யும். நார்ச்சத்து போகாது. தட்டில் ஒரு கரண்டி காய்கறி கூடி, சோறு ஒரு கரண்டி குறைந்தாலே சர்க்கரை நோயாளிக்கு அது லாபம்தான்.

அலசும்போது கசப்பும் விறைப்பும் சீக்கிரம் போக அகான்வு என்ற உப்புக்கட்டியைப் போடுகிறவர்கள் இங்கே நிறைய. யொருபாக்காரர்கள் கவுன் என்பார்கள். அது ஆப்பசோடாவின் உறவு, சோடியம் நிறைய உள்ளது. ரத்தக்கொதிப்போ இதயக் கோளாறோ உள்ளவர்கள் வீட்டில் அது வேண்டாம். கை வலிக்க இன்னும் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள்.

பச்சைச் சாறு வேண்டவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லும் ஆட்கள் சிலர். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள். சிறுநீரகம் பழுதானவர்கள் எந்தக் கீரைச் சாற்றையுமே மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, அதில் இருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் எந்தக் கரும்பச்சைக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஏற்கெனவே சாறு குடித்துக்கொண்டிருப்பவர் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'மருந்தா, இலைதானே' என்று நினைத்துத்தான் யாரும் சொல்வதில்லை.

திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்போடு அகோரப் பசி எடுத்தால் தாமதிக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை அளவு பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சித்தியிடம் இதில் பாதியைத்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது. "அப்ப செடியை வெட்டிப் போட்டுறவா?" என்று கோபமாகக் கேட்டார். வெட்ட வேண்டாம், அரைப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்று சொல்லி, கீழ்வீட்டுப் பின்வாசலில் எடுத்து வைத்திருந்த வீடியோவை அனுப்பினேன். மறுநாளே டாக்டரிடம் போய் ஏழு இலை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் ஒரு மாதிரி படபடப்பாக வந்ததையும் அப்போதுதான் சொல்லியிருக்கிறார். என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நேற்று ஒரு படம் அனுப்பினார். வெள்ளைத் தட்டில் சோறு, பக்கத்தில் நெத்திலியும் வேர்க்கடலையும் போட்டு வதக்கிய கரும்பச்சைக் கீரை. கூடவே குரல் செய்தி: "நுரை அஞ்சாவது தண்ணியிலதான் நின்னுச்சும்மா. உங்க சித்தப்பா ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."