எரிவாயு: ஒரே சொல், இரண்டு சரக்கு

சேலத்தில் வாய்ப்பேச்சில் ‘எரிவாயு’ அனேகமாக வராது. “கேஸ் புக் பண்ணியாச்சா?”, “கேஸ் வண்டி அஸ்தம்பட்டிப் பக்கம் நிக்குது” என்றுதான் பேசுவோம். எரிவாயு என்பது செய்தித்தாளிலும் அரசு அறிவிப்பிலும் வாழும் சொல். அங்கேதான் குழப்பமும் இருக்கிறது. கத்தாரிலிருந்து எரிவாயு வாங்க நீண்டகால ஒப்பந்தம் என்று ஒரு நாள் செய்தி. எரிவாயு சிலிண்டர் விலை ஏறியது என்று இன்னொரு நாள் செய்தி. அவ்வளவு பெரிய ஒப்பந்தம் போட்டும் சிலிண்டர் விலை ஏன் இறங்கவில்லை என்று படிக்கிறவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு எரிவாயுவும் ஒன்றல்ல. பொருள் வேறு, கப்பல் வேறு, விலை முடிவாகும் விதமும் வேறு.

முதலில் ‘கேஸ்’. இதை உண்டாக்கியவர் 17ஆம் நூற்றாண்டில் பிரசெல்ஸ் பகுதியில் வாழ்ந்த மருத்துவரும் வேதியியலாளருமான யான் பாப்டிஸ்ட் வான் எல்மான்ட். 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி எங்கே போனது என்று அவர் யோசித்தார். கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிய அந்தப் பொருளுக்கு அதுவரை பெயரே இல்லை. உருவமற்ற ஆதிக் குழப்பநிலையைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து, தம் ஊர் உச்சரிப்பில் புதுப்பெயர் சூட்டினார். அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த நூல் வழியாக அது உலகெங்கும் பரவியது. எரிபொருளை எரித்துப் பார்த்தபோது பிறந்த சொல், இன்று எரிபொருளுக்கே பெயராகிவிட்டது.

‘எரிவாயு’ இரண்டு துண்டு. ‘எரி’ தமிழ், நெருப்பு என்ற பெயராகவும், எரிதல் என்ற வினையாகவும் சங்க காலத்திலிருந்தே வழங்குகிறது. எரிந்த, எரிகின்ற, எரியும் வாயு என்று முக்காலத்துக்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை. ‘வாயு’ வடமொழி, வீசுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழில் அது வயிற்றுக் கோளாறையும் குறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உருளைக்கிழங்கு தின்றால் வாயு என்பார்கள்.

இதற்கு நேர்த் தமிழ்ச்சொல் ‘வளி’. தொல்காப்பியம் ஐம்பூதங்களை ‘நிலம் தீ நீர் வளி விசும்பு’ என்று அடுக்குகிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ஒரு படி மேலே போய், ‘வளித் தலைஇய தீ’ என்கிறது. காற்றில் தலைப்பட்டு எழும் தீ. அதைப் பாடிய முரஞ்சியூர் முடிநாகராயர் சொன்னது ஐம்பூதங்களின் தொடர்பை. ஆனாலும் வளியையும் தீயையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன அந்தத் தொடரைப் படித்தபின் ‘எரிவளி’ எனக்குப் புதுச்சொல்லாகவே படுவதில்லை. அறிவியல் தமிழில் திண்மம், நீர்மம், வளிமம் என்று மூன்று நிலைகளுக்கும் அழகான பெயர்கள் கிடைத்தபோது, வளிமம் பிறந்ததும் இதே வேரை நம்பித்தான். சொற்பிறப்பியலுக்கே வாழ்நாளைக் கொடுத்த தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவர் நடமாடிய ஊரில் வளிக்காக வாதாடுவது எனக்கு மகிழ்ச்சியான வேலை.

சரி, வாயுவை வளியாக்கிவிட்டால் போதுமா? போதாது. எரிவாயு என்றாலும் எரிவளி என்றாலும், எந்த எரிவளி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுப்படியில் இருக்கும் சிலிண்டரில் உள்ளது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும், எண்ணெய், எரிவளிக் கிணறுகளிலிருந்தும் கிடைப்பது. இதன் சிறப்பு, சாதாரண வெப்பநிலையிலேயே ஓரளவு அழுத்தினால் நீர்மமாகிவிடும். கன அளவு சுமார் 250 மடங்கு சுருங்கும். அதனால்தான் 14.2 கிலோவை இரும்பு உருளையில் அடைத்துத் தோளில் தூக்கிவர முடிகிறது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மேல்பாதி சீக்கிரம் காய்ந்துவிடும், நீர்மம் இருக்கும் மட்டம் வரை ஈரம் தாமதித்துக் காயும். உள்ளே இருப்பது காற்று அல்ல, நீர்மம் என்பதற்கு அந்த ஈரக்கோடே சாட்சி. பியூட்டேன் பூச்சியம் பாகை செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். அதனால் மார்கழிக் குளிரில் ஏற்காட்டில், சிலிண்டர் தீரும் தறுவாயில் தீ சோம்பிவிடும். புரோப்பேனோ மைனஸ் 42 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. கலவையின் விகிதம் சின்ன விஷயம் இல்லை. 2021 கடைசியில் இலங்கையில் சிலிண்டர்க் கசிவுகளும் தீ விபத்துகளும் அடுத்தடுத்து நடந்தபோது, அங்கே பெரிய விவாதமே புரோப்பேன் பங்கை மாற்றியது பற்றித்தான்.

இன்னொன்று இயற்கை எரிவாயு. அது பெரும்பாலும் மீத்தேன். எவ்வளவு அழுத்தினாலும் நம் ஊர் வெப்பத்தில் நீர்மமாகாது. மைனஸ் 162 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போது கன அளவு ஏறத்தாழ 600 மடங்கு சுருங்கும். அதுதான் எல்.என்.ஜி. அதைச் செய்ய மிகப்பெரிய குளிர்விப்பு ஆலை, தனிக் கப்பல், வந்து சேரும் துறைமுகத்தில் மீண்டும் வளியாக்கும் முனையம் எல்லாம் தேவை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2019இல் திறக்கப்பட்டது அப்படி ஒரு முனையம்.

‘திரவ எரிவாயு’ என்று வெறுமனே எழுதினால் ஏன் தவறு என்பது இப்போது தெரியும். இரண்டுமே திரவமாகத்தான் கப்பலேறுகின்றன.

வாணிபத்துக்கு வருவோம். இயற்கை எரிவாயுவுக்குக் கடல்வழியில் ஆசியச் சந்தையைத் திறந்தது ஜப்பான். சொந்தமாக எண்ணெயோ எரிவாயுவோ அனேகமாக இல்லாத அந்த நாடு, 1969இல் அலாஸ்காவிலிருந்து முதல் எல்.என்.ஜி.யை இறக்கியது. பிறகு புரூனே, இந்தோனேசியா, மலேசியா என்று ஆசியாவிலேயே விற்கிற நாடுகள் எழுந்தன. குளிர்விப்பு ஆலைக்கு ஆகும் செலவை ஈடுகட்ட, 20, 25 ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது இந்த வாணிபத்தின் வழக்கம். இந்தியாவும் 1999இல் கத்தாருடன் அப்படித்தான் ஒப்பந்தம் செய்தது. 2004இல் குஜராத்தின் தகேஜ் முனையத்துக்கு முதல் கப்பல் வந்தது. 2028இலிருந்து இன்னும் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 75 லட்சம் டன் என்று 2024 பிப்ரவரியில் அதைப் புதுப்பித்தார்கள். செய்தியில் வரும் ‘கத்தார் எரிவாயு ஒப்பந்தம்’ இதுதான். இது உரத் தொழிற்சாலைக்கும், மின்நிலையத்துக்கும், சி.என்.ஜி. எனும் அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிக்கும், குழாய் இணைப்புள்ள வீட்டுக்கும் போகும். சிலிண்டருக்குள் போகாது.

நீண்ட ஒப்பந்தம் இல்லாதவர்கள் அன்றன்றைய விலைக்கு வாங்க வேண்டும். 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா எவ்வளவு விலை கொடுத்தும் வாங்கத் தயாரானதால், கப்பல்கள் அந்தப் பக்கம் போயின. பாகிஸ்தான் அழைத்த ஏலப்புள்ளிக்கு விற்க ஒருவரும் வரவில்லை. வங்கதேசம் அந்த ஜூலையில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தியது. இறக்குமதி எரிபொருளை நம்பியிருப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நேரடியான பாடம் அண்மையில் இல்லை.

எல்.பி.ஜி.யின் வழி வேறு. இந்தியா ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் செலவழிக்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி, அதிலும் மிகப் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து ஹார்முஸ் நீரிணை வழியாக வருகிறது. விலைக்கு ஆதாரம் ‘சி.பி.’ என்று வாணிபத்தில் சொல்லப்படும் சவூதி ஒப்பந்த விலை. புரோப்பேனுக்கு இவ்வளவு, பியூட்டேனுக்கு இவ்வளவு என்று டன்னுக்கு டாலர் கணக்கில் மாதாமாதம் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ அறிவிக்கும். வீட்டுச் சிலிண்டர் விலையில் அரசின் முடிவும் கலந்திருப்பதால் அது உடனே ஆடாது. ஆனால் 19 கிலோ கமர்சியல் சிலிண்டர் விலை ஒன்றாம் தேதி மாறும்போது, செவ்வாய்ப்பேட்டை டீக்கடைக்காரர் கூட்டிக் கழித்துப் பார்ப்பது மறைமுகமாக அந்த சவூதி விலையைத்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வாணிபம் தூரத்து விஷயம் இல்லை. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல், தென்னிந்தியா முழுக்க ஓடும் எல்.பி.ஜி. டேங்கர் லாரிகளின் தாய்வீடு. மங்களூர், கொச்சி, எண்ணூர் போன்ற இடங்களில் ஏற்றிக்கொண்டு நிரப்பும் ஆலைகளுக்குக் கொண்டுபோவது அந்த லாரிகள்தான். 18 டன் லாரி ஒன்றில் 1,200க்கு மேற்பட்ட வீட்டுச் சிலிண்டர்களுக்கான சரக்கு இருக்கும். ஒரு பொறி பறந்தாலே ஆபத்தான தொழிலில், அவ்வளவு சரக்கை முதுகில் வைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாக ராத்திரி ஓட்டுகிற ஓட்டுநர்களின் பொறுமைக்கு நாம் இதுவரை சரியான மரியாதை கொடுத்ததில்லை என்பது என் எண்ணம். அப்புறம் கொச்சி–சேலம் எல்.பி.ஜி. குழாய்த் திட்டம். கொச்சி புதுவைப்பின் இறக்குமதி முனையத்திலிருந்து பாலக்காடு, கோவை, ஈரோடு வழியாகச் சேலம் வரை, சுமார் 458 கிலோமீட்டர். வளைகுடாவில் ஏற்றிய சரக்கு போய்ச் சேரும் கடைசி முனைக்கு நம் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். சேலத்திலிருந்து மேலே மட்டும் பழைய கதைதான்; 20 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரி முனகிக்கொண்டே ஏறி, ஏற்காட்டில் சிலிண்டரை இறக்க வேண்டும். சாலை எட்டாத மலைக்கிராமங்களில் இன்னும் சுள்ளியும் விறகும்தான் முதல் எரிபொருள்.

ஆசியாவில் எல்லை தாண்டும் எரிவளி எல்லாம் கப்பலில்தான் போகிறது என்றும் இல்லை. துர்க்மெனிஸ்தானிலிருந்து சீனாவுக்கு 2009இல் குழாய் திறந்தார்கள். மியான்மர்க் கடலிலிருந்து தாய்லாந்துக்கும் குழாய் உண்டு. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியே இந்தியாவுக்கு வரவிருந்த குழாய் அரசியலில் சிக்கி நின்றுபோனது. நேபாளத்துக்கு எல்.பி.ஜி. முழுக்க இந்தியா வழியாக லாரியில் போகிறது. 2015இல் எல்லையில் லாரிகள் நின்றபோது காத்மாண்டு வீடுகள் விறகுக்குத் திரும்பின.

இனி என் பரிந்துரை. ‘எரிவாயு’ வேரூன்றிவிட்டது. சாண எரிவாயு என்று கிராமமும் எடுத்துக்கொண்டது. 2006 தேர்தலுக்குப் பின் வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் அதை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோனது. அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் எழுதுகிறவர்கள் எரிவளிக்குப் பழகலாம். எல்.பி.ஜி.க்கு ‘நீர்மப் பெட்ரோலிய எரிவளி’, சுருக்கமாகப் ‘பெட்ரோலிய எரிவளி’. எல்.என்.ஜி.க்கு ‘நீர்ம இயற்கை எரிவளி’. ‘இயற்கை’ என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. சிலிண்டருக்கு ‘உருளை’ ஏற்கெனவே நல்ல சொல். ‘சமையல் எரிவாயு’ இதுவரை எல்.பி.ஜி.யை மட்டும் குறித்ததால் பிழைத்தது. அது பொருளின் பெயர் அல்ல, வேலையின் பெயர். குழாய் வழியாக இயற்கை எரிவளி அடுப்படிக்கு வந்துவிட்டால், அதுவும் சமையல் எரிவாயுதானே?

வீடுகளுக்கு இயற்கை எரிவளி கொண்டுவரும் நகரக் குழாய்த் திட்டத்தில் சேலமும் இருக்கிறது. இணைப்பு வாங்குகிற வீடுகள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோலிய எரிவளி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். இயற்கை எரிவளி லேசானது, மேலே ஏறும், அதற்குக் கூரையை ஒட்டிக் காற்றுவழி வேண்டும். நாம் ‘கேஸ் வாடை’ என்று சொல்வது கசிவு தெரிவதற்காக இரண்டிலும் பிறகு சேர்க்கும் மணம்தான் என்பதால், மூக்கை வைத்து எது என்று பிரிக்க முடியாது. பழைய அடுப்பை அப்படியே குழாயில் மாட்டவும் கூடாது. பர்னருக்குக் கீழே இருக்கும் சின்ன பித்தளை ஜெட்டைக் கழற்றி, துளை பெரிதான ஜெட்டைப் போட்டுத் தர வேண்டியது இணைப்புக் கொடுக்க வருபவரின் வேலை.