மஸ்தபா: திண்ணைக் கல்லறை

எகிப்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது பிரமிடு சட்டென்று வந்துவிடுகிறது. பண்டைய எகிப்தியக் கல்லறை வகையான மஸ்தபா வந்தால்தான் பேனா நிற்கிறது. சிலர் அப்படியே எழுதிவிட்டுப் போகிறார்கள், சிலர் 'ஒரு வகைச் சமாதி' என்று முடித்துக்கொள்கிறார்கள். இதற்குத் தமிழில் நேரான சொல் இருக்கிறது: திண்ணை.

மஸ்தபா அரபுச் சொல். எகிப்திய கிராமங்களில் வீட்டு முன்சுவரை ஒட்டிச் சேற்றுச் செங்கல்லால் கட்டி மேலே பூசி வைத்திருக்கும் மேடைக்கு அதுதான் பெயர். சாயங்காலம் உட்கார்ந்து பேச, வந்தவரை உட்கார வைக்க. நம் வீட்டுத் திண்ணைக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது.

இந்தப் பெயர் கல்லறைக்கு எப்படிப் போனது? பண்டைய எகிப்தின் தலைநகரான மெம்பிஸ், இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், மித் ரஹினா கிராமத்தைச் சுற்றிப் புதைந்து கிடக்கிறது. அந்த நகரத்து ஆட்கள் இறந்தபின் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது, மேற்கே பாலைவன மேட்டில் இருக்கும் சக்காரா. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அகழாய்வாளர் ஒகுஸ்த் மரியேத் அங்கே தோண்டியபோது, மணலுக்குள்ளிருந்து நீள்சதுரமான, தட்டையான தலையும் உள்நோக்கிச் சாய்ந்த பக்கங்களும் கொண்ட கட்டடங்கள் வெளிப்பட்டன. வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர்கள் அவற்றை மஸ்தபா என்றார்கள். மரியேத் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். அவர் 1881இல் இறந்தார். 1889இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலின் தலைப்பிலும் அந்தச் சொல் ஏறியது, அப்புறம் உலகம் முழுக்க அதுவே நிலைத்தது.

அந்தத் தொழிலாளர்களின் கண்ணைப் பாராட்ட வேண்டும். சக்காராவில் காப்பர் என்ற அதிகாரியின் மரச்சிலை வெளிவந்தபோது, தங்கள் ஊர்த் தலைவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று 'ஷேக் எல்-பலத்' (ஊர்த் தலைவர்) என்றார்கள். இன்றும் அந்தச் சிலை அந்தப் பெயரில்தான் பிரபலம்.

கட்டிய காலத்தவர் இந்தக் கல்லறையை 'பெர்-ஜெத்' என்றார்கள், அதாவது நிலைத்த வீடு. உள்ளே போய்ப் பார்த்தால் அது வீடுதான். உடல் இருப்பது தரைக்குக் கீழே. கூரையிலிருந்து நேராக இறங்கும் குழியின் அடியில் புதையறை. அடக்கம் முடிந்ததும் குழியைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிடுவார்கள். தரைக்கு மேலே, ரொட்டியும் பீரும் படைக்க ஓர் அறை. அதன் மேற்குச் சுவரில், திறக்கவே முடியாதபடி கல்லில் செதுக்கிய வாசல், அதாவது பொய்வாசல். இறந்தவரின் உயிர்ச்சக்தியான 'கா' அதன் வழியாக வந்து படையலை ஏற்கும் என்பது நம்பிக்கை.

பக்கத்தில் அடைபட்ட இன்னொரு சின்ன அறை இருக்கும், 'செர்தாப்'. சூட்டுக்கு ஒதுங்கும் குளிர்ந்த நிலவறையைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. இதை நிலவறை என்று பெயர்த்தால் தப்பாகிவிடும், கல்லறையில் இது தரைக்கு மேலேதான் இருக்கிறது. இறந்தவரின் சிலை வைக்கும் இடம் என்பதால் சிலையறை என்பது பொருந்தும். ஐந்தாம் வம்ச அதிகாரி தீ என்பவரின் கல்லறையில் சிலையறைச் சுவரில் மெல்லிய பிளவுகள் விட்டிருக்கிறார்கள். கண்ணை ஒட்டிப் பார்த்தால் இருட்டில் அவர் நிற்கிறார். இப்போது நிற்பது நகல், அசல் சிலை கெய்ரோவுக்குப் போய்விட்டது.

தொடக்ககால மஸ்தபாக்கள் முழுக்கச் சேற்றுச் செங்கல். சக்காராவில் முதல் அரச வம்சத்தைச் சேர்ந்த 3504ஆம் எண் கல்லறையின் வெளிச்சுவர் அடியில் தாழ்வான ஒரு மேடை ஓடுகிறது. அதன்மேல் களிமண்ணில் செய்த காளைத் தலைகள், சுமார் 300. கொம்புகள் மட்டும் நிஜக் காளையுடையவை. திண்ணைக்கே ஒரு திண்ணை!

பிரமிடு பிறந்ததும் இதிலிருந்துதான். கி.மு. 2650 வாக்கில் ஜோசர் மன்னருக்குச் சக்காராவில் முதலில் எழுப்பியது கல்லால் ஆன சதுர மஸ்தபா. அதைப் பலமுறை அகலப்படுத்தி, மேலே மேலே அடுக்கி, கடைசியில் ஆறு படி கொண்ட பிரமிடாக்கினார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? மேடைக் கல்லறை என்று சொல்லலாம்தான், ஆனால் மேடை என்றதும் ஏறி நிற்கும் இடமே மனதில் வருகிறது. திண்ணைக் கல்லறை என்றால் வடிவமும் வருகிறது, பெயர் வைத்தவர்கள் பார்த்த பார்வையும் வருகிறது. செங்கல்லால் கட்டியதைக் கல்லறை என்பதா என்று தயங்க வேண்டாம், கல்லறை எப்போதோ பொதுச்சொல்லாகிவிட்டது. கட்டுரையில் முதல் முறை 'திண்ணைக் கல்லறை (மஸ்தபா)' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தினால் போதும். தெற்குச் சக்காராவில் ஷெப்செஸ்காப் மன்னரின் பெருங்கல்லறையை அரபியில் 'மஸ்தபத் அல்-பிர்அவ்ன்' (பாரோவின், அதாவது எகிப்திய மன்னரின், மஸ்தபா) என்கிறார்கள். அதையும் தயங்காமல் 'பாரோ திண்ணை' என்றே எழுதலாம்.