பழைய கட்டுரைக்கு மெருகேற்றி மீண்டும் அனுப்பாதீர்கள்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் மறுபடி விண்ணப்பிக்கும் மாணவர்களின் தன்விளக்கக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். இந்தப் பருவத்தில் நான்காவது முறையாக, முதல் பத்தி மட்டும் மாற்றப்பட்ட சென்ற ஆண்டுக் கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. அதை எழுதிய மாணவி, இடைப்பட்ட 11 மாதங்களும் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு ஹாஸ்பிஸில் வாரந்தோறும் தொண்டு செய்திருக்கிறார். அது பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிய வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நடை சரியில்லாததால்தான் இடம் கிடைக்கவில்லை, நடையைச் செம்மைப்படுத்தினால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இக்கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸ் வழியாக ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சேர்கிறார்கள். இடம் கிடைக்காதவர்களில் அழகாக எழுதியவர்கள் ஏராளம். எம்கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், தாமதமாக அனுப்பியது, பொருந்தாத கல்லூரிப் பட்டியல், நோயாளிகளோடு பழகிய அனுபவம் போதாமை என உண்மையான காரணம் வேறெங்காவது இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பெயரடைகளை மாற்றிக்கொண்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை. முந்தைய விண்ணப்பத்தையும் எடுத்துவைத்து ஒப்பிடும் தேர்வுக் குழுக்கள் உண்டு. சென்ற ஆண்டு அறியாத எதை இன்று அறிந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

நேர்மாறான தவறும் உண்டு: கட்டுரை முழுவதும் தோல்விக்கு விளக்கம் சொல்வது. மறுவிண்ணப்பதாரர் எப்படி முன்னேறியிருக்கிறார் என்று பல கல்லூரிகள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் தனியாகவே கேட்கின்றன. அந்தப் பதிலை அங்கே எழுதுங்கள். இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகளே அனுமதிக்கப்படும் கட்டுரையில் மன்னிப்புக்கு இடமில்லை.

பழைய கோப்பைத் திறக்காமல், வெற்றுப் பக்கத்தில் கடந்த ஓராண்டிலிருந்து தொடங்குங்கள். தாத்தாவின் மாரடைப்பு உங்களை இத்துறைக்கு அழைத்து வந்தது உண்மையென்றால் அது இருக்கட்டும், ஆனால் இரண்டு வாக்கியங்களுக்குள். விண்ணப்பத் தளம் மே மாதம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். சமர்ப்பித்த பிறகு கட்டுரையைத் திருத்த முடியாது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் கட்டுரையை நீங்கள் எழுதித் தராதீர்கள், நேர்காணலில் அந்தக் குரல் அவர்களிடம் இருக்காது.

அந்த மாணவியிடம், ஹாஸ்பிஸில் தம்மால் எதுவும் செய்ய இயலாமல் ஒருவர் அருகில் வெறுமனே அமர்ந்திருந்த ஒரு பிற்பகலை மட்டும் முதலில் எழுதி வரும்படி சொல்லியிருக்கிறேன்.