அரை டம்ளர் பாயசமும் ஒரு சின்ன இரைப்பையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தி. எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமான என் சித்தி, அரை டம்ளர் பாயசம் குடித்தார். கால் மணி நேரத்தில் நெற்றியெல்லாம் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைந்தது. மாரடைப்போ என்று பதறிப்போனோம். படுக்கவைத்த பிறகுதான் மெல்ல அடங்கியது.

சித்திக்குச் செய்தது பைபாஸ் முறை. இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு பையை மட்டும் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். இரைப்பையின் அடிவாயில் ஒரு தசைவளையம் இருக்கிறது. அது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். பைபாஸில் அந்தக் காவல் கிடையாது. சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழும். அதை நீர்க்க வைக்க, ரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தின் அளவு குறைய, இதயம் வேகமெடுக்கும். இதற்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வரும். அப்போது இன்சுலின் அளவு மீறிச் சுரந்து சர்க்கரை இறங்கி, கை நடுங்கும்.

டம்பிங்காவது உடனே தெரிந்துவிடுகிறது. எனக்குப் பெரிய கவலை சத்துக்குறைவுதான். வைட்டமின் பி12 உடம்பில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். பைபாஸில் உணவு அந்த இடத்துக்கே போவதில்லை. கல்லீரலில் பழைய கையிருப்பு இருப்பதால் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட, ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அப்புறம்தான் கால் மரத்துப்போக ஆரம்பிக்கும். இரும்புச்சத்தை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலும் வழியில் விடுபட்டுப் போவதால், மாதவிலக்கு உள்ள பெண்களை ரத்தசோகை எளிதில் பிடிக்கும். வாந்தி நிற்காமல் போனால் சில வாரங்களிலேயே வைட்டமின் பி1 தீர்ந்து, பார்வை இரட்டையாகி நடை தள்ளாடும். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஸ்லீவ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு முறையில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியே எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும். எடை வேகமாகக் குறைந்தால், எந்த முறையிலும் பித்தப்பையில் கல் சேரலாம். தையல் கசிவும் ரத்தக்கட்டியும் அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானவை.

பாண்டி பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரமாக, முன்பைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறும். பழைய அளவை நம்பிக் குடித்துவிட்டுக் கடலூருக்கு வண்டி எடுப்பவரை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இவ்வளவுக்கும், சித்தியின் சர்க்கரை நோய் நன்றாகக் கட்டுக்குள் வந்தது உண்மை. இப்போது ஒரு இட்லியை இருபது நிமிஷம் மென்று சாப்பிடுகிறார். தண்ணீர் அரை மணி கழித்துத்தான். கால்சியம் மாத்திரை காலையில், இரும்பு மாத்திரை இரவில். சேர்த்துப் போட்டால் கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது.