செப்சிஸ்: புண் 'செப்டிக்' ஆவது வேறு, இது வேறு

கவ்வாத்துக் கத்தி பட்ட காலில் சீழ் வைத்துவிட்டால் எங்கள் லயத்தில் "செப்டிக் ஆயிருச்சி" என்பார்கள். ஹட்டன் பக்கம் எந்தத் தோட்டத்தில் சொன்னாலும் புரியும். அதனாலேயே ஆஸ்பத்திரித் துண்டில் 'செப்சிஸ்' என்று எழுதியிருந்தால், புண் பழுத்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். எனக்குப் பயமே அந்த நினைப்பில்தான்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. கிரேக்கத்தில் செப்சிஸ் என்றால் அழுகுதல், ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே மருத்துவத்தில் புழங்கிய சொல். கிருமிகளைக் கண்டறிந்த பிறகு 'கிருமியால் இரத்தம் நஞ்சாவது' என்று பொருள் நகர்ந்தது. தமிழில் 'குருதி நச்சுப்பாடு' என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான். ஆனால் 2016இல் வகுத்த வரையறை வேறு மாதிரி: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பே கட்டுமீறிப்போய், சொந்த உறுப்புகளை உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குக் கெடுப்பது.

இதை எனக்குச் சரியாக விளங்கவைத்தவை மெலற்றோனின் பற்றிய விலங்கு ஆய்வுகள். மெலற்றோனின் என்பது இரவில் மூளையின் கூம்புச் சுரப்பியில் ஊறும் ஓமோன். 1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஏரன் லேர்னர் அதைப் பிரித்தெடுத்தபோது அது தவளைத் தோலின் கரு நிறமியை ஒடுங்கவைத்துத் தோலை வெளிறச் செய்ததால், கருமையைக் குறிக்கும் 'மெலாஸ்' என்ற கிரேக்கச் சொல் பெயரில் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'இருள் ஓமோன்' எனலாம், பொருந்தும்.

சரி, ஆய்வுக்கு வருவோம். எலியின் குருட்டுக்குடலைக் கட்டி ஊசியால் துளைத்தால் மலம் வயிற்றுக்குள் கசிந்து செப்சிஸ் வருகிறது. இன்னொரு முறையில் உயிருள்ள கிருமியே கிடையாது, பற்றீரியாவின் சுவரிலிருந்து எடுத்த நச்சை மட்டும் ஏற்றுவார்கள், அதற்கே எலி சாய்ந்துவிடும். இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் மெலற்றோனின் கொடுத்த விலங்குகள் கூடுதலாகப் பிழைத்தன: அழற்சியைத் தூண்டும் புரதங்கள் குறைந்தன, கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் சேதம் குறைந்து தப்பின. கவனியுங்கள், மெலற்றோனினை யாரும் நுண்ணுயிர்க்கொல்லியாகக் கொடுப்பதில்லை. அது அடக்கியது உடம்பின் கொந்தளிப்பை.

ஆகவே 'அழுகல்', 'நஞ்சு' இரண்டும் போதாது. செப்சிஸுக்குத் தமிழ்ச் சொல்லாக என் தெரிவு 'தொற்றுக் கொந்தளிப்பு'. புண்ணுக்கு 'செப்டிக்' அப்படியே இருக்கட்டும், அது நம் வாயில் ஊறிய சொல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆய்வுகளில் மருந்தை நோய் வரும் முன்போ வந்த உடனேயோ கொடுத்தார்கள், மனிதர் அப்படி நேரத்தோடு வருவதில்லை. மனிதரில் நடந்தவை சிறிய ஆய்வுகள்தான். மெலற்றோனின் மாத்திரையை நம்பி யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. காய்ச்சலோடு மூச்சு வாங்கி, பேச்சுத் தடுமாறி, சிறுநீரும் குறைந்தால், அது மஞ்சள் பத்துப் போட்டுப் பார்க்கும் புண் அல்ல, இரவென்றாலும் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தொற்றுக் கொந்தளிப்பு.